குடும்பத்தில் இருதய வருத்தம்: வம்சத்தை எழுதிப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

கிளினிக்கில் "உங்கட குடும்பத்தில யாருக்கும் ஹார்ட் வருத்தம் இருந்ததா?" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் ஓம் என்பார்கள், அல்லது இல்லை என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும், டொக்டரும் கொப்பியில் ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை வயதில் வந்தது என்று தெரிய வேண்டும். அப்பாவுக்கு 78 வயதில் மாரடைப்பு வந்திருந்தால் மகன் அதற்காகத் தனியாகப் பயப்படத் தேவையில்லை. 46 வயதில் வந்திருந்தால் அந்த மகன் இந்தக் கிழமையே கொலஸ்ட்ரோல் பார்க்க வேண்டிய ஆள், அவனுக்கு இப்போது 25 வயதுதான் என்றாலும்.

வைத்தியர்கள் பொதுவாகப் பாவிக்கும் எல்லை இது: பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோரில் ஆண் ஒருவருக்கு 55 வயதுக்கு முன்போ, பெண் ஒருவருக்கு 65 வயதுக்கு முன்போ இருதய இரத்தக்குழாய் அடைப்பு வந்திருந்தால் அதைக் குடும்ப ஆபத்து என்று கணக்கில் எடுப்பார்கள். சுவீடனில் 21,000 இரட்டையர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து 1994இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆண்களில் ஒருவர் 55 வயதுக்கு முன் இருதய நோயால் இறந்திருந்தால், உருவத்தில் ஒரே மாதிரி இருக்கும் அவருடைய இரட்டைச் சகோதரனும் அப்படி இறக்கும் ஆபத்து எட்டு மடங்காக இருந்தது. உருவம் வேறான இரட்டையரில் அது கிட்டத்தட்ட நாலு மடங்கு. முதலாமவர் இறந்த வயது கூடக்கூட இந்த ஆபத்து குறைந்துகொண்டே போனது. அதாவது பரம்பரையின் கை இளவயதில்தான் பலமாக விழுகிறது. எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் இலங்கை உட்பட்ட தெற்காசியாவில் முதல் மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயது 53, மற்ற நாடுகளில் 59க்குக் கிட்ட.

தொடங்க முன் ஒன்று. இதை வாசிக்கும்போதே யாருக்காவது நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, குளிர்ந்த வியர்வை என்று இருந்தால் வம்சமும் வேண்டாம் வரலாறும் வேண்டாம், உடனே 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தாளில் எப்படிப் போடுவது

பெரிய தாள் ஒன்று எடுங்கள், பழைய கலண்டரின் பின்பக்கம் போதும். பென்சிலால் எழுதுங்கள், ஏனென்றால் நிறையத் திருத்த வரும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவிக்கு இடையே ஒரு கோடு, அதிலிருந்து கீழே பிள்ளைகள், இடமிருந்து வலமாக மூத்தவரிலிருந்து இளையவர் வரை. இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு சாய்கோடு. இருதய நோய் வந்தவரின் கட்டத்தைக் கறுப்பாக்குங்கள், உங்களுக்கு ஒரு அம்புக்குறி போடுங்கள். சொந்தத்துக்குள் முடித்த கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. உலகம் முழுக்க மரபியல் கிளினிக்குகளில் இந்தக் குறிகள்தான், அதனால் எந்த டொக்டரிடம் காட்டினாலும் விளங்கும்.

மூன்று தலைமுறை போதும்: நீங்களும் கூடப்பிறந்தவர்களும், பெற்றோரும் அவர்களுடைய சகோதரர்களும், பிறகு தாத்தா பாட்டிமார் நாலு பேர். அம்மா பக்கத்தை விட்டுவிடாதீர்கள். முதலெழுத்து அப்பாவுடையது என்பதாலோ என்னவோ எங்கள் ஆட்கள் அப்பா பக்கத்தை மட்டும் விபரமாகச் சொல்வார்கள், மாமாமாரைக் கேட்டால் யோசிப்பார்கள். மரபணுக்களில் பாதி அம்மாவிடமிருந்து வந்தவை.

ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் எழுத வேண்டியவை: இப்போதைய வயது அல்லது இறந்த வயது, என்ன வருத்தம், அது முதலில் வந்த வயது, சீனி வருத்தம் இருந்ததா, பிறஷர் இருந்ததா, சிகரெட், பீடி, சுருட்டு எதுவும் பாவித்தாரா. வருத்தம் வந்த வயதும் இறந்த வயதும் வேறு வேறு. 49இல் மாரடைப்பு வந்து 71இல் காலமான பெரியப்பாவை எல்லாரும் "எழுபது வயசு மட்டும் இருந்தவர்தானே" என்று நல்ல கணக்கில் சேர்ப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த 49.

தகவல் எங்கே கிடைக்கும்

முதலில் வீட்டு அலுமாரியைத் தேடுங்கள். இறந்தவரின் அந்தியேட்டிக் கிரியைக்கு அடித்துக் கொடுத்த கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகங்கள் அநேகமான வீடுகளில் தேவாரப் புத்தகங்களோடு கிடக்கும். முன்பக்கத்தில் மலர்வு, உதிர்வு என்று இரண்டு திகதி, உள்ளே வம்சாவளி, இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இன்னாரின் மைத்துனன் என்று ஒரு முழுக் குடும்பமே அதில் இருக்கும். பத்திரிகை மரண அறிவித்தலைக் கத்தரித்து வைத்திருந்தாலும் இதே பிரயோசனம். கல்வெட்டு காரணத்தைச் சொல்லாது, "இறைவனடி சேர்ந்தார்" என்று மட்டும் சொல்லும். ஆனால் வயது அச்சொட்டாகக் கிடைக்கும், பெயர்களும் உறவுமுறையும் கிடைக்கும், பாதித் தாள் அதிலேயே நிரம்பிவிடும். காரணத்துக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் இருக்கிறது. வீட்டில் இல்லாவிட்டால், மரணம் பதிவான இடத்துப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். வீட்டில் நடந்த மரணம் என்றால் அதில் எழுதியிருக்கும் காரணத்தை முழுதாக நம்பவும் வேண்டாம்.

அப்புறம் ஆட்கள். குடும்பத்தில் எல்லாருடைய கதையும் தெரிந்த ஒரு மாமியோ அம்மம்மாவோ இருப்பார், அவரிடம் போனில் கேட்காமல் நேரே போய் இருந்து கேளுங்கள். திருகோணமலைப் பாலையூற்றில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்த பேச்சு இப்படி:

"மாமி, சின்ன மாமா எப்படிப் போனவர்?"

"திடீரெண்டுதான் பிள்ளை. நெஞ்சு எரியுது எண்டு சோடா வாங்கிக் குடிச்சவர். வேர்த்து ஊத்தினது. சாய்மனைக் கதிரையில சாய்ஞ்சவர், எழும்பேல்ல."

"அப்ப அவருக்கு எத்தனை வயசு?"

"வயசு ஆருக்குத் தெரியும்? மூத்தவள் சாமத்தியப்படேல்ல."

இதில் எல்லாம் இருக்கிறது. நெஞ்செரிவு, வியர்வை, சில நிமிடத்தில் மரணம் என்றால் மாரடைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மகள் இன்னும் வயதுக்கு வரவில்லை என்றால், அவள் பிறந்த வருடத்தையும் மாமாவுக்குக் கல்யாணம் நடந்த வயதையும் கேட்டு, அவர் நாற்பதுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிடித்துவிடலாம். வருடம் கேட்டால் வயதானவர்கள் தடுமாறுவார்கள், சம்பவத்தோடு சேர்த்துக் கேட்டால் உடனே சொல்வார்கள். துறைமுகத்தில் யப்பான்காரன் குண்டு போட்டதற்கு (1942 ஏப்ரல்) முன்னா பின்னா, 64 மார்கழிச் சூறாவளிக்கு முன்னா, 83 கலவரத்துக்குப் பிறகா, 90 இடம்பெயர்வு நேரமா, சுனாமிக்கு எத்தனை வருடம் முன், 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கத்துச் சனம் வெளிக்கிட்டபோது அவர் உயிரோடு இருந்தாரா. இப்படி இரண்டு சம்பவத்துக்கு நடுவில் ஒரு மரணத்தை வைத்துவிட்டால் வயது இரண்டு மூன்று வருட வித்தியாசத்துக்குள் வந்துவிடும், இந்த வேலைக்கு அது தாராளம்.

திருகோணமலைக் குடும்பங்களில் இன்னொரு விஷயத்தை மிகக் கவனமாகக் கையாள வேண்டும். எத்தனையோ பேர் இருதய நோய் வரும் வயதை எட்டவே இல்லை. 32 வயதில் யுத்தத்தில் இறந்த சித்தப்பாவையும், 41 வயதில் சுனாமியில் போன அத்தையையும் "இருதய வருத்தம் இல்லாதவர்கள்" என்று எழுதக்கூடாது. அவர்களுக்கு வந்திருக்குமா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கட்டத்தை வெள்ளையாகவும் விடாமல் கறுப்பாகவும் ஆக்காமல் ஒரு கேள்விக்குறி போட்டு, இறந்த வயதையும் காரணத்தையும் எழுதுங்கள். காணாமல் போனவர்களுக்கும் அதே கேள்விக்குறிதான். அந்தப் பெயர் வரும்போது மாமி அழுதால் பென்சிலை வைத்துவிடுங்கள், மிச்சத்தை இன்னொரு நாள் கேட்கலாம். பத்துப் பேரில் ஆறு பேருக்குக் கேள்விக்குறி விழுந்த தாளைப் பார்த்து "எங்கள் குடும்பத்தில் இது இல்லை" என்று ஒருவரும் முடிவெடுக்கக்கூடாது.

எந்த இருதய வருத்தம்?

"ஹார்ட் வருத்தம்" என்று எங்கள் ஊரில் சொல்வதற்குள் நாலைந்து வேறு நோய்கள் கிடக்கின்றன. வால்வு பழுதாகி ஒப்பரேஷன் செய்தவர் என்றால், அது சிறுவயதில் தொண்டைக் கிருமியைத் தொடர்ந்து வந்த வாதக் காய்ச்சலால் இருக்கலாம், அதை மாரடைப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிறக்கும்போதே ஓட்டை இருந்ததும் வேறு கதை. ஸ்டென்ட் வைத்தது, பைபாஸ் செய்தது, அஞ்சியோகிராம் எடுத்து அடைப்பு என்று சொன்னது, இவைதான் இரத்தக்குழாய் அடைப்புக்கு நல்ல அடையாளம். "நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை" பாவித்தாரா என்று கேளுங்கள், அதற்கு எல்லாருக்கும் பதில் தெரியும். கை கால் இழுத்தது, வாய் கோணியது என்றால் பக்கவாதம், அதையும் வயதோடு தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இளவயதில், அதுவும் விளையாடும்போதோ நித்திரையிலோ ஒருவர் திடீரென இறந்திருந்தால் அதற்கு ஒரு பெரிய நட்சத்திரம் போடுங்கள். இருதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இருதயத்தின் மின்னோட்டம் பிசகும் பரம்பரை நோய்களும் உண்டு. இவற்றுக்குக் கொலஸ்ட்ரோல் பரிசோதனை பதில் சொல்லாது, நெருங்கிய உறவினர்கள் ஈசிஜியும் எக்கோவும் எடுக்க வேண்டும். நீரில் நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளை மூழ்கி இறந்திருந்தால்கூட இந்தச் சந்தேகத்தை டொக்டரிடம் சொல்லலாம்.

தாளைப் பார்த்து என்ன கண்டுபிடிக்கலாம்

ஒரு பக்கத்தில் தலைமுறை தவறாமல், ஆண் பெண் என்ற வித்தியாசமில்லாமல், ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இளவயதில் வந்திருக்கிறதா? அப்படியென்றால் பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரோல் நோயை முதலில் நினையுங்கள். இது 250, 300 பேருக்கு ஒருவரிடம் இருக்கிறது, ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் மூன்று நாலு பேர். கல்லீரல் தன் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளால் இரத்தத்திலிருந்து எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோலைப் பிடித்து உள்ளே எடுக்க வேண்டும். அந்த ஏற்பிக்கான மரபணு பழுதானால் கொழுப்பு பிறந்த நாளிலிருந்தே இரத்தத்தில் கூடி நிற்கும். இதைக் கண்டுபிடித்த பிரவுண், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. மெலிந்த ஆளாக இருப்பார், எண்ணெய்ச் சாப்பாடு தொடமாட்டார், அப்படியிருந்தும் வரும். "அவன் ஓடியாடித் திரிஞ்ச பிள்ளை, எப்படி வந்தது?" என்று செத்த வீட்டில் கேட்கும் கேள்விக்குப் பல நேரம் விடை இங்கேதான் இருக்கிறது.

இரட்டைக் கோடு போட்ட இடங்களை இப்போது பாருங்கள். மச்சான் மச்சாள் கல்யாணத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் இருவருமே ஒரே தாத்தாவிடமிருந்து இந்தப் பழுதான மரபணுவைப் பெற்றிருந்தால், நாலில் ஒரு வாய்ப்பில் பிள்ளைக்கு இரண்டு பக்கத்தாலும் வந்துவிடும். அந்தப் பிள்ளையின் எல்டிஎல் பெரும்பாலும் 400, 500க்கு மேல் போகும், தோலில் மஞ்சள் தடிப்புகள் வரும், இருபது வயதுக்கு முன்பே மாரடைப்பு வரலாம். அப்படி ஒரு பிள்ளை குடும்பத்தில் இருந்திருந்தால் பெற்றோர் இருவரும், அவர்களுடைய சகோதரர்கள் எல்லாரும் சோதிக்கப்பட வேண்டியவர்கள்.

கொலஸ்ட்ரோல் சாதாரணமாக இருந்தும் இளவயதில் வந்திருந்தால் லிப்போபுரோட்டீன்-ஏ, Lp(a), என்று இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒரு துகளைப் பற்றிக் கேளுங்கள். 1963இல் நோர்வேயில் கண்டுபிடிக்கப்பட்டது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கூடுதலாக இருக்கிறது, பெரும்பகுதி பரம்பரையால் தீர்மானமாவது, சாப்பாட்டாலும் ஓட்டத்தாலும் பெரிதாக மாறாது. அதனால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். வழக்கமான லிப்பிட் (கொலஸ்ட்ரோல்) ரிப்போர்ட்டில் இது வராது, தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

இந்த மாதிரி எந்த ஒழுங்கும் தெரியாமல் அங்கொன்று இங்கொன்றாக, சீனி வருத்தத்தோடும் பிறஷரோடும் சேர்ந்து, 60 வயதையொட்டி வந்திருந்தால் அதுதான் பெரும்பாலான குடும்பங்களின் நிலை. சிறிய சிறிய ஆபத்துள்ள பல மரபணுக்களும், ஒரே அடுப்படியும், ஒரே கருவாட்டு உப்பும், ஒரே சிகரெட் பழக்கமும் சேர்ந்த விளைவு. எது எவ்வளவு என்று பிரிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உயிரோடு இருப்பவர்களைச் சோதிப்பது

தாள் இதற்காகத்தான். கறுப்புக் கட்டத்துக்கு மிக அருகில் இருக்கும் உயிரோடுள்ளவர்களைக் குறித்துக்கொண்டு, அவர்களிலிருந்து தொடங்குங்கள். லிப்பிட் புரொபைல், சீனி, பிறஷர், இடுப்பளவு. எங்கள் ஆட்களுக்கு இடுப்பு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனம். 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் அரச வைத்தியசாலைகளில் இருக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் ஆரம்பப் பரிசோதனையை இலவசமாகச் செய்யலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இருப்பவர்கள் இதற்காகப் பெரியாஸ்பத்திரி வரை அலைய முன் தங்கள் ஆதார வைத்தியசாலையில் கேட்டுப் பாருங்கள்.

பெரியவர்களில் எல்டிஎல் 190க்கு மேல், பிள்ளைகளில் 160க்கு மேல் என்றால் பரம்பரை நோயைச் சந்தேகிக்க வேண்டும். ரிப்போர்ட்டை வாசிக்கும்போது இரண்டு விஷயம் ஏமாற்றும். ஒன்று, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டற்றின் குளிசை போடுபவரின் எல்டிஎல் குறைந்துதான் இருக்கும், அதனால் மருந்து தொடங்க முன் எடுத்த பழைய ரிப்போர்ட்டைத் தேடுங்கள். மற்றது, மாரடைப்பு வந்து வார்ட்டில் இருக்கும் நாட்களில் எடுத்த எல்டிஎல் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். தைரொயிட் குறைவாலும் கொலஸ்ட்ரோல் கூடும், அதையும் பார்த்துவிட்டுத்தான் பரம்பரை மேல் பழி போட வேண்டும்.

உடம்பிலும் அடையாளம் உண்டு. குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கம் இருக்கும் தடித்த தசைநாணைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து மேலும் கீழும் தடவிப் பாருங்கள். சாதாரணமாக அது மெல்லியதாக, விளிம்பு தெளிவாக, வழுவழுப்பாக இருக்கும். கொழுப்புப் படிந்திருந்தால் தடித்து, கட்டி கட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். கைவிரல் மூட்டுகளின் தசைநாண்களிலும் இப்படி வரும். 45 வயதுக்கு முன்பே கறுப்பு விழியைச் சுற்றிச் சாம்பல் வெள்ளை வளையம் தெரிந்தாலும் டொக்டரிடம் சொல்லுங்கள். வயது போனவர்களுக்கு அந்த வளையம் சாதாரணம்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரர்களை மறக்காதீர்கள், அநேகமாக அவர்களிடம்தான் ஒழுங்கான பழைய ரிப்போர்ட்டுகள் இருக்கும். அங்கே கொலஸ்ட்ரோலை மில்லிமோல் கணக்கில் தருவார்கள், 38.67ஆல் பெருக்கினால் இங்குள்ள மில்லிகிராம் கணக்கு வரும். அங்கே 4.9 என்றால் இங்கே 190. "அக்காவுக்கு வெறும் அஞ்சுதானாம், எனக்கு இருநூறு" என்று ஒருவர் கவலைப்பட, உண்மையில் இருவருக்கும் ஒரே அளவாக இருக்கும்.

மரபணுப் பரிசோதனைக்கு அவசரப்பட வேண்டாம். எச்சிலை அனுப்பி முழு ஆபத்தையும் சொல்லும் பெட்டிகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பல மரபணுக்களைக் கூட்டிச் சொல்லும் புள்ளிகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் தரவில் கட்டியவை, எங்களுக்கு அவ்வளவு பொருந்தாது. தெளிவான பரம்பரை நோய் என்று டொக்டர் நினைத்தால் பாதிக்கப்பட்டவரை முதலில் சோதித்து, பழுது எங்கே என்று தெரிந்த பிறகு மற்றவர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் பார்ப்பதுதான் முறை. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் அலகு இருக்கிறது, உங்கள் டொக்டரின் கடிதத்தோடு விசாரிக்கலாம். கடிதத்தின் வேலைக்கு நீங்கள் போட்ட தாளே பாதி உதவி செய்துவிடும்.

வீட்டில் சொல்வது

கஷ்டமான பகுதி இதுதான். பெண் பிள்ளைக்குக் கல்யாணம் பேசும் நேரத்தில் "எங்கட பக்கம் ஹார்ட் வருத்தம் ஓடுது" என்று யார் வெளியே சொல்வார்கள்? அதனால் தாளைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாக, அவருக்குத் தேவையானதை மட்டும் சொல்லுங்கள். இன்னொருவரின் ரிப்போர்ட்டை அவர் சம்மதம் இல்லாமல் யாருக்கும் காட்டாதீர்கள். "தலையெழுத்தை ஆர் மாத்திறது" என்று சொல்லும் மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள்: 2016இல் 55,000க்கு மேற்பட்டவர்களை வைத்து வெளியான ஆய்வில், மரபணு ஆபத்து மிகக் கூடியவர்களில்கூட, சிகரெட் இல்லாமல், உடல் பருக்காமல், நடந்து, நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு இருதய நோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரோல் உள்ளவர்களுக்கு இதோடு குளிசையும் கட்டாயம் வேண்டும், நடையால் மட்டும் அது இறங்காது.

கிளினிக்குக்குப் போகும் நாளில் பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு போகாமல் ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதுங்கள்: யார், என்ன வருத்தம், எந்த வயது, உங்கள் எல்டிஎல் எவ்வளவு. அதை கிளினிக் கொப்பிக்குள் ஒட்டிவிட்டு, முதல் இரண்டு வரியை வாயாலும் சொல்லுங்கள், கூட்டம் நிறைந்த கிளினிக்கில் டொக்டருக்கு அதை வாசிக்க நேரம் இருக்காது. பெரிய தாளின் மூலையில் திகதி போட்டு, கூடப்பிறந்தவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். உங்களுக்குப் பரம்பரை நோய் என்று உறுதியானால் பிள்ளைகளுக்குப் பத்து வயதாகும் முன்பே ஒரு தரம் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லி டொக்டரிடம் நீங்களே கேளுங்கள், அவர் கேட்கும்வரை இருக்க வேண்டாம்.